மேகத்தின் சாவி யார் கையில்?

உங்கள் பள்ளி ஆய்வகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா? ஆசிரியரிடமா, ஆய்வக உதவியாளரிடமா, தலைமையாசிரியர் அறைப் பலகையிலா? இது ஓர் அறிவியல் கேள்வியா என்று நினைக்க வேண்டாம். இந்தச் சிறு கேள்விக்குச் சரியான விடை இல்லாமற் போனதால் ஒரு நிறுவனமே மூடப்பட்ட வரலாற்றை இக்கட்டுரையில் காணப் போகிறோம். அதற்கு முன் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், எங்கள் கல்லூரியில் இயற்பியல் கருவிகள் வைக்கும் அறைக்கு ஒரே ஒரு சாவிதான் இருந்தது. அது கதவருகே ஓர் ஆணியில் தொங்கிக் கொண்டிருக்கும். ஆசிரியர்கள், ஆய்வக உதவியாளர், முதுகலை மாணவர்கள் எல்லாரும் தேவைப்பட்டபோது அதை எடுத்துத் திறப்போம். ஒரு நாள் நிறமாலைமானிக்குரிய முப்பட்டகம் ஒன்றைக் காணவில்லை. எல்லாரையும் கேட்டோம், எல்லாரும் "நான் எடுக்கவில்லை" என்றார்கள். யார் மீதும் குற்றம் சொல்ல வழியில்லை. யாரையும் குற்றமற்றவர் என்று சொல்லவும் வழியில்லை. முடிவில், பாவம், ஆய்வக உதவியாளரின் மீது சந்தேகம் விழுந்தது. அது எப்படித் தீர்ந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இன்று கணிப்பொறியை நம்பித் தொழில் நடத்தும் சிறு நிறுவனங்கள் பலவற்றில் இதே ஆணியும் இதே சாவியும் வேறு வடிவத்தில் இருக்கின்றன. அவற்றைப் பற்றியதே இக்கட்டுரை.

தரையில் இருக்கும் மேகம்

ஒரு நிறுவனம் தனக்கு வேண்டிய கணிப்பொறிகளைச் சொந்தமாக வாங்காமல், வேறொருவருடைய கணிப்பொறிகளை இணையத்தின் வழியே வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்தும் முறைக்குக் 'கிளவுட்', அதாவது மேகம், என்று பெயர். பெயர்தான் மேகம், இருப்பதெல்லாம் தரையில்தான். மும்பை, ஐதராபாத், சென்னை போன்ற நகரங்களில் பெரிய பெரிய கட்டடங்களுக்குள் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் அடுக்கி வைக்கப்பட்டு, இரவும் பகலும் குளிரூட்டப்பட்டு இயங்குகின்றன. 2006-ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம் தகவல் சேமிக்கும் இடத்தையும், கணிப்பொறியின் உழைப்பையும் இவ்வாறு வாடகைக்கு விடத் தொடங்கியது. பின்னர் மைக்ரோசாப்ட், கூகுள் ஆகியவையும் இத்தொழிலில் இறங்கின.

வாடகை வீட்டுக்குச் சாவி இருப்பது போல, மேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு மின்னஞ்சல் முகவரி, ஒரு கடவுச்சொல். இவ்விரண்டும்தான் அதன் சாவி. ஆனால் இந்தச் சாவிக்கும் எங்கள் ஆய்வகச் சாவிக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. முப்பட்டகத்தைத் திருட வேண்டுமானால் திருடன் எங்கள் கல்லூரிக்கு வந்தாக வேண்டும். மேகத்தின் சாவி கிடைத்தவனோ உலகின் எந்த மூலையில் உட்கார்ந்தும் உள்ளே நுழையலாம். நூறு கணிப்பொறிகளை இயக்கி வாடகையை உங்கள் தலையில் கட்டலாம். உங்கள் பல ஆண்டு உழைப்பைச் சில நிமிடங்களில் அழித்துவிடலாம்.

நான்கு நண்பர்களும் ஒரு கடவுச்சொல்லும்

நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு சிறு நிறுவனம் தொடங்குகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். இருவர் நிரல் எழுதுகிறார்கள். ஒருவர் வரவு செலவு பார்க்கிறார். ஒருவர் வாடிக்கையாளர்களுடன் பேசுகிறார். மேகத்தில் ஒரு கணக்குத் திறக்கிறார்கள். "நமக்குள் என்ன ஒளிவு மறைவு?" என்று ஒரே கடவுச்சொல்லை நால்வரும் பகிர்ந்து கொள்கிறார்கள். இது நட்புக்கு அழகுதான். ஆனால் இதை ஓர் இயற்பியல் மாணவரின் கண்ணோடு பாருங்கள்.

ஆய்வகத்தில் மின்சுற்றைத் திறந்து மூடும் சிறு கருவியையும் நாம் 'சாவி' என்றே சொல்கிறோம் அல்லவா? அத்தகைய நான்கு சாவிகளைப் பக்க இணைப்பில் அமைத்து, ஒரு மின்கலத்தையும் விளக்கையும் சேருங்கள். நான்கில் எந்த ஒன்றை மூடினாலும் விளக்கு எரியும். நால்வர் பகிர்ந்துகொண்ட கடவுச்சொல்லும் இப்படிப்பட்டதே. நால்வரில் யாராவது ஒருவர் அதைத் துண்டுச் சீட்டில் எழுதி மறந்தாலும், யாரோ ஒருவருடைய செல்பேசி தொலைந்தாலும் போதும், சுற்று மூடிவிடும்.

சிறிது கணக்கும் போடுவோம். ஒருவரிடமிருந்து ஓராண்டில் கடவுச்சொல் கசிவதற்கான நிகழ்தகவு 1/20 என்று ஒரு பேச்சுக்காக வைத்துக் கொள்வோம். அப்படியானால் அவரிடமிருந்து கசியாமலிருக்கும் நிகழ்தகவு 0.95. நால்வரிடமிருந்தும் கசியாமலிருக்க 0.95-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.81. அதாவது கசிவதற்கான நிகழ்தகவு 19 சதவீதத்தை நெருங்குகிறது. நிறுவனம் வளர்ந்து பத்துப் பேரானால் அது 40 சதவீதம் ஆகிவிடும். நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

2014-இல் நடந்தது

இது வெறும் கணக்கன்று. 'கோட் ஸ்பேசஸ்' என்று ஒரு சிறு நிறுவனம் இருந்தது. நிரல் எழுதுவோர் தங்கள் நிரல்களைப் பத்திரமாக வைத்துக் கொள்ள அது இடம் கொடுத்து வந்தது. அந்த இடம் அமேசானின் மேகத்தில் இருந்தது.

2014-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள், யாரோ ஒருவன் அந்நிறுவனத்தின் இணையத் தளத்தை ஏராளமான பொய் வேண்டுகோள்களால் திணறடித்தான். அதே சமயம் அவன் மேகக் கணக்கின் கட்டுப்பாட்டுப் பலகைக்குள்ளும் நுழைந்திருந்தான். பணம் கேட்டு அங்கே செய்தி எழுதி வைத்திருந்தான். நிறுவனத்தார் விழித்துக்கொண்டு கடவுச்சொற்களை மாற்றத் தொடங்கினார்கள். ஆனால் அவன் முன்யோசனையுடன் தனக்கென்று வேறு சில நுழைவுப் பெயர்களை அங்கேயே உருவாக்கி வைத்திருந்தான்! தன்னை வெளியேற்ற முயல்கிறார்கள் என்று தெரிந்ததும், கைக்கு எட்டியதையெல்லாம் அழிக்கத் தொடங்கினான். சேமித்த தகவல்கள் போயின. கணிப்பொறி அமைப்புகள் போயின. காப்புப் பிரதிகளிலும் பெரும்பகுதி போயிற்று. எல்லாம் சுமார் 12 மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இனித் தொழிலைத் தொடர முடியாது என்று அறிவித்து அந்நிறுவனம் மூடப்பட்டது.

காப்புப் பிரதிகள் இருந்தும் ஏன் பயனில்லாமற் போயிற்று? அவையும் அதே சாவிக்குத் திறந்தன. வீட்டின் மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டியது போலாயிற்று.

1975-இல் எழுதிய விதிகள்

இதைத் தடுக்கும் வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றன்று. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்னும் இருவர் 1975-ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினர். ஒரே கணிப்பொறியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்திய காலம் அது. ஒருவருடைய தகவலை மற்றவர் கெடுத்துவிடாமல் காப்பது எப்படி என்று ஆராய்ந்து அவர்கள் எட்டு விதிகளைக் கூறினார்கள். அவற்றுள் மூன்று நம் நான்கு நண்பர்களுக்கு இன்றும் போதுமானவை.

முதல் விதி: ஒவ்வொருவருக்கும் அவர் வேலைக்குத் தேவையான அளவு அனுமதியே கொடுக்க வேண்டும், அதற்கு மேல் கொடுக்கக் கூடாது. நிரல் எழுதுபவர் கணிப்பொறிகளை இயக்கலாம், நிறுத்தலாம்; கட்டண விவரம் அவருக்கு எதற்கு? வரவு செலவு பார்ப்பவர் கட்டணச் சீட்டுகளைப் படிக்கலாம். கணிப்பொறிகளை அழிக்கும் பொத்தான் அவருக்கு எதற்கு? ஆகவே நால்வருக்கும் நான்கு தனிப்பெயர்கள், நான்கு தனிக் கடவுச்சொற்கள், நான்கு தனி அனுமதிப் பட்டியல்கள்.

இங்கே உங்களுள் ஒருவர் எழுந்து, "ஐயா, இப்போதும் நான்கு சாவிகள் பக்க இணைப்பில்தானே இருக்கின்றன? ஏதாவது ஒன்று கசியத்தானே செய்யும்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி! சாவிகளின் எண்ணிக்கை குறையவில்லை என்பது உண்மைதான். குறைந்தது சேதத்தின் அளவு. உங்கள் வீட்டு மின்பலகையைப் பாருங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி உருகு இழை இருக்கும். சமையலறையில் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் சமையலறை மட்டும் இருளும். நீங்கள் படிக்கும் அறையில் விளக்கு எரிந்து கொண்டிருக்கும். அது போலவே, கணக்குப் பார்ப்பவரின் கடவுச்சொல் கசிந்தால் திருடன் கட்டணச் சீட்டுகளைப் படிப்பான். அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாம் விதி: எல்லாக் கதவுகளும் முதலில் மூடியே இருக்க வேண்டும்; எதைத் திறக்கலாம் என்று சொல்கிறோமோ அது மட்டுமே திறக்க வேண்டும். "இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே" என்று பட்டியல் போட்டால் எதையாவது மறந்துவிடுவோம். மறந்த கதவு திறந்தே கிடக்கும். "இதை மட்டும் செய்யலாம்" என்று பட்டியல் போட்டாலும் மறதி வரத்தான் செய்யும். ஆனால் மறந்த கதவு மூடியிருக்கும். வேண்டியவர் வந்து கேட்பார், கொடுத்துவிடலாம். அமேசானின் மேகத்தில் ஒருவருக்குப் புதிதாகப் பெயர் உருவாக்கினால், அனுமதி எழுதும் வரை அவரால் எதையும் தொட முடியாது. அனுமதியும் தடையும் ஒன்றுக்கொன்று மோதினால் தடையே வெல்லும்.

மூன்றாம் விதி: முக்கியமான பூட்டுக்கு இரண்டு சாவிகள் வேண்டும். வங்கியில் நகை வைக்கும் லாக்கரைப் பாருங்கள். வங்கியாரின் சாவியும் உங்கள் வீட்டுச் சாவியும் சேர்ந்தால்தான் அது திறக்கும். இது தொடர் இணைப்பு! இரண்டு சாவிகளும் மூடினால்தான் மின்னோட்டம் பாயும். ஒவ்வொன்றும் களவு போகும் நிகழ்தகவு 1/20 என்றால், இரண்டும் சேர்ந்து போவது 1/400 ஆகக் குறைகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டும் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். இரண்டு சாவிகளையும் ஒரே வளையத்தில் கோத்து வைத்தால் 1/400 மீண்டும் 1/20 ஆகிவிடும்!

கடிகாரம் தரும் சாவி

மேகக் கணக்கின் இரண்டாம் சாவி பெரும்பாலும் செல்பேசியில் தோன்றும் ஓர் ஆறிலக்க எண். 30 விநாடிக்கு ஒருமுறை அது மாறிக்கொண்டே இருக்கும். விந்தை என்னவென்றால், செல்பேசியில் சிக்னல் இல்லாவிட்டாலும் சரியான எண் தோன்றும். யாரும் அதை அனுப்பாதபோது மேகத்திலுள்ள கணிப்பொறிக்கும் செல்பேசிக்கும் ஒரே எண் எப்படித் தெரிகிறது?

முதல் நாள் மட்டும் இரண்டும் ஓர் இரகசிய எண்ணைப் பகிர்ந்து கொள்கின்றன. அதன்பின் இரண்டும் கடிகாரத்தைப் பார்க்கின்றன. 1970 ஜனவரி 1 முதல் இன்றுவரை சென்ற விநாடிகளை எண்ணி, 30-ஆல் வகுத்து, மீதியை விட்டுவிடுகின்றன. கிடைத்த எண்ணையும் இரகசிய எண்ணையும் சேர்த்து ஒரே விதமான கணக்குப் போடுகின்றன. இரகசியமும் நேரமும் ஒன்றே ஆதலால் விடையும் ஒன்றாகவே வரும். 2011-ஆம் ஆண்டில் இம்முறை ஒரு பொது வரையறையாக வெளியிடப்பட்டது.

இதன் எளிய மாதிரி ஒன்றை நீங்களும் உங்கள் நண்பரும் செய்து பார்க்கலாம். இரகசிய எண் 347 என்க. இப்போது காலை 10 மணி 15 நிமிடம். நள்ளிரவிலிருந்து 615 நிமிடங்கள். இரண்டையும் கூட்டினால் 962. அதன் வர்க்கம் 925444. கடைசி மூன்று இலக்கங்களாகிய 444-தான் இந்த நிமிடத்தின் சாவி. அடுத்த நிமிடம் 963-இன் வர்க்கம் 927369, சாவி 369. அதற்கு அடுத்த நிமிடம் 296. எதிர் எதிர் வீட்டில் இருந்துகொண்டு இருவரும் ஒரே நேரத்தில் கணக்கிட்டுப் பாருங்கள். விடை ஒத்து வரும். வேறொரு நண்பர் இந்த எண்களை வரிசையாகப் பார்த்தால் 347-ஐக் கண்டுபிடித்துவிட முடியுமா? முயன்று பார்க்கச் சொல்லுங்கள். நம் மாதிரி எளிதாதலால் அவர் கண்டுபிடித்துவிடக் கூடும். உண்மையான முறையில், முன்னோக்கிப் போட எளிதாகவும் பின்னோக்கிப் போட முடியாததாகவும் உள்ள ஒரு கணக்கு பயன்படுகிறது.

ஓர் எச்சரிக்கை. எவ்வளவு நல்ல சாவியானாலும், கேட்டவருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தால் பயனில்லை. "நாங்கள் அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், எண்ணைச் சொல்லுங்கள்" என்று யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. இது உங்கள் பெற்றோரின் வங்கிக் கணக்குக்கும் பொருந்தும்.

தாய்ச் சாவி

கணக்கைத் திறந்தபோது முதன்முதலில் கிடைத்த சாவிக்கு எல்லா அதிகாரமும் உண்டு. கணக்கையே மூடிவிடவும் அதனால் முடியும். இதைத் தாய்ச் சாவி என்போம். அன்றாட வேலைக்கு இதை எடுக்கவே கூடாது. நீளமான கடவுச்சொல் ஒன்று வைத்து, இரண்டாம் சாவியும் சேர்த்து, பூட்டி வைத்துவிட வேண்டும்.

இங்கே எதிர்ப்பக்கத்து ஆபத்து ஒன்றையும் மறக்கக் கூடாது. தாய்ச் சாவி ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்து, அவர் நோயுற்றோ ஊரைவிட்டோ போய்விட்டால் நிறுவனமே வாசலில் நிற்க வேண்டியதுதான். எனவே கணக்கின் மின்னஞ்சல் முகவரி ஒருவருடைய சொந்த முகவரியாக இராமல் நிறுவனத்தின் முகவரியாக இருக்க வேண்டும். கடவுச்சொல்லை எழுதி முத்திரையிட்டு ஓரிடத்திலும், இரண்டாம் சாவியை வேறோரிடத்திலும் வைத்து, குறைந்தது இருவருக்கு அவ்விடங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

நிரலுக்கும் ஒரு சாவி

மனிதர்கள் மட்டுமன்றி, நிரல்களும் மேகத்தின் கதவைத் தட்டுகின்றன. அவற்றுக்கும் சாவி வேண்டும். சிலர் அந்தச் சாவியை நிரலுக்குள்ளேயே எழுதிவிடுவார்கள். பிறகு ஒரு நாள் "எல்லாரும் பார்க்கட்டும்" என்று நிரலைப் பொது இடத்தில் வெளியிடுவார்கள். சாவியும் கூடவே போய்விடும். இப்படிச் சிதறும் சாவிகளைத் தேடிப் பொறுக்குவதற்கென்றே தானியங்கி நிரல்கள் இரவு பகலாக அலைகின்றன. அவற்றின் கண்ணில் பட்டால், மறுநாள் காலையில் முன்பின் தெரியாதவர் ஓட்டிய கணிப்பொறிகளுக்கெல்லாம் வாடகைச் சீட்டு வந்து நிற்கும்.

இதற்கு அழகான தீர்வு உண்டு: தானே காலாவதியாகும் சாவி. வேலை தொடங்கும்போது நிரல் ஒரு தற்காலிகச் சாவியைக் கேட்டு வாங்குகிறது. அமேசானின் மேகத்தில் வேறு எதுவும் சொல்லாவிட்டால் அச்சாவி ஒரு மணி நேரத்தில் செத்துவிடும். பனிக்கட்டியால் செய்த சாவி போல! அதைத் திருடிச் சென்றவன் கையில் தண்ணீர்தான் மிஞ்சும்.

போகும்போது வாங்கி வைத்தல்

கோடை விடுமுறையில் ஒரு மாணவர் நம் நண்பர்களிடம் இரண்டு மாதம் பயிற்சிக்கு வருகிறார். பயிற்சி முடிந்து, விருந்து வைத்து வழியனுப்புகிறார்கள். அவருடைய சாவியை வாங்கி வைக்க எவருக்கும் நினைவில்லை. அவர் நல்லவர்தான். ஆனால் ஓராண்டு கழித்து அவருடைய மடிக்கணிப்பொறி திருடு போகலாம். சாவியும் அதனுடன் போகும். எல்லாரும் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்திருந்தால், ஒருவர் போகும்போது மற்ற நால்வரும் புதிய சொல்லுக்கு மாற வேண்டும். சோம்பல் அதைத் தள்ளிப்போடும். தனித்தனிப் பெயர்களாக இருந்தால் ஒரு பெயரை நீக்கினால் போதும். அவர் விடைபெறும் நாளிலேயே செய்துவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலை எடுத்துப் படித்து, "இவர் இன்னும் இருக்கிறாரா? இந்த அனுமதி இன்னும் வேண்டுமா?" என்று கேட்பதும் நல்ல பழக்கம். அப்படிப் படிப்பவர்களின் கண்ணில், கோட் ஸ்பேசசில் திருடன் உருவாக்கியது போன்ற முன்பின் தெரியாத பெயர்களும் தட்டுப்படும்.

காப்புப் பிரதியை வேறொரு கணக்கில், வேறொரு சாவியின் கீழ் வைக்க வேண்டும் என்பதை இனி நான் சொல்லத் தேவையில்லை. அது ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

முப்பட்டகம் கிடைத்தது

எங்கள் முப்பட்டகத்தின் கதைக்கு வருவோம். மூன்று மாதங்களுக்குப் பிறகு அது என் மேசையின் அடிப்பெட்டியிலேயே கிடைத்தது. ஒரு நாள் வகுப்பில் நிறப்பிரிகையைக் காட்ட எடுத்துச் சென்ற நானே அதை அங்கே வைத்துவிட்டு மறந்திருக்கிறேன்! அந்த மூன்று மாதமும் ஒரு நேர்மையான மனிதரை நாங்கள் சந்தேகக் கண்ணோடு பார்த்திருந்தோம். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "பரவாயில்லை சார். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கித் தாருங்கள், போதும்" என்றார். மறுநாள் முதல் ஆணிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பேடு தொங்கியது. சாவி எடுப்பவர் பெயர், நேரம், எடுத்த பொருள் ஆகியவை அதில் எழுதப்பட்டன.

மேகத்திலும் அத்தகைய குறிப்பேடு உண்டு. யார், எப்போது, என்ன செய்தார் என்பதை அது தானாகவே எழுதிக்கொள்ளும். அமேசானின் குறிப்பேட்டில் கடைசி 90 நாள்களின் நிர்வாகச் செயல்களைப் பார்க்கலாம். ஆனால் எல்லாரும் ஒரே பெயரில் நுழைந்தால் அதில் ஒரே பெயர்தான் திரும்பத் திரும்ப இருக்கும். குறிப்பேடு இருந்தும் இல்லாதது போலத்தான். ஒவ்வொருவரும் தம் சொந்தப் பெயரில் நுழைந்தால்தான் அது குற்றவாளியைக் காட்டும். அதைவிட முக்கியமாக, குற்றமற்றவரைக் காக்கும். நண்பர்களுக்குத் தனித்தனிச் சாவி கொடுப்பது அவர்களை நம்பாததால் அன்று. என்றாவது ஒரு நாள் ஏதாவது தவறு நேர்ந்தால், அன்றும் அவர்கள் ஒருவரையொருவர் நம்ப வேண்டும் என்பதற்காகத்தான்.

செய்து பாருங்கள்: உங்கள் பள்ளியிலுள்ள பூட்டுகளை ஒரு தாளில் இடப்பக்கம் எழுதுங்கள். ஆய்வகம், நூலகம், விளையாட்டுப் பொருள் அறை, மணி இருக்கும் இடம். மேலே வரிசையாக, அங்கு வேலை செய்பவர்களின் பொறுப்புகளை எழுதுங்கள். எந்தப் பொறுப்புக்கு எந்தச் சாவி உண்மையிலேயே தேவை என்று கட்டங்களில் குறியிடுங்கள். பெரும்பாலான கட்டங்கள் காலியாக இருப்பதைக் காண்பீர்கள். நாளை நீங்களே நால்வராகச் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கும்போது, முதல் நாளில் போட வேண்டிய அட்டவணையும் இதுவே.